துக்கப் புறா

துக்கப் புறா வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் காட்டுப் புறா இனமாகும். கனடாவின் தென்பகுதி, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிகோ, கியூபா முதலிய கரிபியன் தீவுகள் ஆகியவற்றில் இது இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்தில் வடக்கே வாழும் பறவைகள் தெற்கு நோக்கிப் பெயர்ந்து பனாமா வரை செல்கின்றன. வயல், புல்வெளி, பழத்தோட்டம், பாலைவனத்தின் ஓரம், நகரத்தின் வீட்டுத் தோட்டம் என வெட்டவெளி உள்ள இடங்களில் எல்லாம் இதைக் காணலாம். அடர்ந்த காட்டையும் சதுப்பு நிலத்தையும் மட்டும் தவிர்க்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் இப்புறாக்களின் எண்ணிக்கை, கணக்கிட்ட ஆண்டையும் முறையையும் பொறுத்து 15 கோடி முதல் 35 கோடி வரை மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நாட்டில் வேட்டைக்காரர்கள் மிக அதிகமாகச் சுடும் பறவையும் இதுவே. இதே கண்டத்தில் இதைவிடப் பல மடங்கு மிகுதியாக வாழ்ந்த பயணிப் புறா 1914ஆம் ஆண்டில் முற்றிலும் அழிந்துபோனது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்த இரண்டு புறாக்கள் ஒரே காலத்தில் ஒரே துப்பாக்கிகளை எதிர்கொண்டன. ஒன்று மறைந்தது, மற்றொன்று பெருகியது. இந்த வேறுபாட்டின் காரணம் துக்கப் புறாவின் அன்றாட வாழ்க்கையில், குறிப்பாக அதன் கூட்டில் இருக்கிறது.

பெயர்

இப்பறவை ஆங்கிலத்தில் மோர்னிங் டவ் எனப்படுகிறது. துக்கம் காத்தல் என்னும் பொருள் தரும் சொல்லும் காலை என்னும் பொருள் தரும் சொல்லும் அம்மொழியில் ஒரே மாதிரி ஒலிப்பதால், இதைக் காலைப் புறா என்று எண்ணுவோர் அமெரிக்காவிலேயே பலர் உண்டு. விடியற்காலையில் இது ஓயாமல் கூவுவதால் அந்தத் தவறும் பொருத்தமாகவே தோன்றிவிடுகிறது. உண்மையில் பெயர் வந்தது ஆண் பறவையின் குரலிலிருந்து. ஒரு மெல்லிய தொடக்கம், சட்டென ஓர் ஏற்றம், பிறகு தாழ்ந்து இழுபடும் இரண்டு மூன்று கூவல்கள் என அமைந்த அக்குரல், கேட்பவர்களுக்கு இழவு வீட்டு ஓலத்தை நினைவூட்டியது. பறவைக்கு அதில் துக்கம் ஏதும் இல்லை. இணை தேடும் ஆண், உயரமான கிளையிலோ மின்கம்பியிலோ அமர்ந்து பெண்ணை அழைக்கும் பாட்டு அது. இக்குரலை ஆந்தையின் குரல் என்று தவறாக நினைப்பவர்களும் உண்டு. மழைப் புறா, கரோலினா புறா என்னும் பெயர்களும் இதற்கு வழங்கியுள்ளன.

அறிவியல் பெயர் செனைடா மேக்ரூரா. நீண்ட வால் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயரின் பிற்பகுதி வந்தது. முற்பகுதி ஒரு பெண்ணின் பெயர். நெப்போலியனின் தம்பி மகனும் பறவையியலாளருமான சார்லஸ் லூசியன் போனபார்ட், 1838இல் இப்பேரினத்துக்குத் தம் மனைவி செனைடின் பெயரைச் சூட்டினார்.

இந்தப் பெயர் வழியிலேயே பயணிப் புறா குறுக்கிடுகிறது. 1758இல் லின்னேயஸ் நீண்ட வால் கொண்ட புறாவுக்குப் பெயரிட்டபோது, பிறர் எழுதிய விளக்கங்களையும் வரைந்த படங்களையும் நம்பியே எழுதினார். அவற்றில் இரண்டு பறவைகளும் கலந்திருந்தன. மேக்ரூரா என்ற பெயர் உண்மையில் எந்தப் புறாவுக்கு உரியது என்ற குழப்பம் பின்னர் எழுந்து நெடுங்காலம் நீடித்தது. 1955இல்தான் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, மேக்ரூரா துக்கப் புறாவுக்கே உரியது என முடிவு செய்தது. அப்போது பயணிப் புறா அழிந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தோற்றமும் சிறகொலியும்

துக்கப் புறா சுமார் 30 செ.மீ. நீளமுள்ள ஒல்லியான பறவை. எடை பெரும்பாலும் 100 முதல் 150 கிராம். உடல் இளம் பழுப்பு நிறம், இறக்கையில் சில கரும்புள்ளிகள், காதுக்குக் கீழே மை தொட்டு வைத்தது போல் ஒரு கரும்பொட்டு. தலை உடலுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. கண்ணைச் சுற்றி வெளிர் நீலத் தோல் வளையம் உண்டு. வால் நீண்டு நுனியில் கூராக முடியும். பறக்கும்போது வாலின் ஓரங்களில் உள்ள வெள்ளை நிறம் தெளிவாகத் தெரியும். ஆணின் உச்சந்தலையில் நீலச் சாம்பல் சாயலும் மார்பில் இளஞ்சிவப்பும் கூடுதலாக இருக்கும். பெண் சற்று மங்கலானது.

இது வேகமாகப் பறக்கும் பறவை. மணிக்கு 88 கி.மீ. வரை பறக்கக் கூடியது. தரையிலிருந்து சட்டென எழும்பும்போது இறக்கைகளிலிருந்து சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. தொண்டைக்கு இதில் பங்கில்லை, இறகுகளினூடே காற்று பாய்வதால் உண்டாகும் ஒலி இது. இவ்வொலியைப் பதிவு செய்து இரை மேயும் இடங்களில் ஒலிக்கச் செய்தபோது, மற்ற துக்கப் புறாக்கள் மட்டுமின்றி வேறு இனப் பறவைகளும் எச்சரிக்கை அடைந்து மேய்வதை நிறுத்தின. திடீரெனக் கிளம்பும் புறா ஏதோ ஆபத்தைக் கண்டிருக்கிறது என்பதை அண்டைப் பறவைகளும் கற்று வைத்திருக்கின்றன. ஒரு தோட்டத்தில் மேயும் பலவகைப் பறவைகளின் நடுவே இப்புறா இப்படிக் காவற்காரன் வேலையையும் செய்கிறது.

அதன் வேறொரு பங்கு இரையாவது. கூப்பர் வல்லூறு முதலிய பல வேட்டைப் பறவைகளுக்குத் துக்கப் புறா முக்கிய உணவு. முட்டையையும் குஞ்சையும் காகம், நீல ஜே, பாம்பு, அணில் ஆகியவை தின்கின்றன. வீட்டுப் பூனைகள் வளர்ந்த பறவைகளையும் விடுவதில்லை.

உணவும் நீரும்

துக்கப் புறா ஏறத்தாழ முழுக்க முழுக்க விதை தின்னும் பறவை. அதன் உணவில் 99 விழுக்காட்டுக்கு மேல் விதைகளே. புல் விதைகள், களைச்செடி விதைகள், அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியவற்றைத் தரையில் நடந்து பொறுக்கித் தின்னும். கோழியைப் போல் மண்ணைக் கிளறத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும்படி கிடப்பதை மட்டுமே எடுக்கும். அதனால் வெற்றுத் தரை உள்ள இடங்களையே நாடுகிறது.

வெட்டவெளியில் தரையில் நிற்பது ஆபத்து. எனவே விரைவாகப் பொறுக்கிக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை நிரப்பிக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குச் சென்று ஓய்வாகச் செரிக்கிறது. ஒரே ஒரு புறாவின் தீனிப்பையில் 17,200 புல் விதைகள் எண்ணப்பட்டதாகப் பதிவு உண்டு. நாள்தோறும் தன் எடையில் 12 முதல் 20 விழுக்காடு வரை தின்கிறது. விதைகளை அரைக்க உதவியாகச் சிறு கற்களையும் மணலையும் விழுங்குகிறது. இந்தப் பழக்கம்தான் பின்னர் அதற்கே கேடாக முடிகிறது.

பெரும்பாலான பறவைகள் ஒரு மிடறு எடுத்துத் தலையை உயர்த்தி நீரை உள்ளே இறக்கும். புறாக்கள் அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். துக்கப் புறாவுக்கு இன்னொரு திறனும் உண்டு: கடல்நீரில் ஏறத்தாழப் பாதி அளவு உப்பு உள்ள நீரைக் குடித்தும் அது உடல் வறளாமல் வாழும். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிகளில் உவர் ஊற்றுகளை நம்பி அது தங்கியிருக்க முடிவது இதனால்தான்.

கூடும் குஞ்சுகளும்

துக்கப் புறாவின் கூட்டைப் பார்ப்பவர் அதைக் கட்டி முடிக்கப்படாத கூடு என்றே நினைப்பர். சில குச்சிகள், சில புல் தண்டுகள், பைன் மரத்தின் ஊசியிலைகள், அவ்வளவுதான். மெத்தையோ உள்விரிப்போ கிடையாது. சில கூடுகளில் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் முட்டைகள் இடைவெளி வழியே தெரியும். காற்று பலமாக அடித்தால் கூடு சரிந்து முட்டை விழுவதும் உண்டு.

கட்டும் முறை விந்தையானது. ஆண் ஒரு குச்சியைக் கொண்டு வந்து பெண்ணின் முதுகின் மேல் ஏறி நின்று அதைக் கொடுக்கும். பெண் அதை வாங்கித் தன் உடலைச் சுற்றிச் செருகிக்கொள்ளும். மூன்று நான்கு நாள்களில் வேலை முடிந்துவிடும். சில வேளைகளில் அதுவும் வேண்டாம் என்று பழைய கூட்டிலோ வேறு பறவை கைவிட்ட கூட்டிலோ குடியேறிவிடும். மரக்கிளை, கூரையின் நீர்த்தாரை, தொங்கவிட்ட பூந்தொட்டி, மரமில்லாத ஊர்களில் வெறும் தரை என எங்கும் கூடு அமைக்கும். மனிதர் நடமாட்டத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

பெண் இரண்டு வெள்ளை முட்டைகள் இடும். கிட்டத்தட்ட எப்போதும் இரண்டே. அடைகாப்பது சுமார் 14 நாள்கள். காலையிலிருந்து பிற்பகல் வரை ஆணும், மீதிப் பகலிலும் இரவு முழுவதும் பெண்ணும் அமர்ந்திருக்கும். முட்டை தனியே விடப்படுவது மிக அரிது. பகைவன் நெருங்கினால் பெற்றோர் இறக்கை ஒடிந்தது போல் தரையில் துடித்து நடித்து அதைக் கூட்டிலிருந்து தொலைவுக்கு இழுத்துச் செல்வதும் உண்டு.

குஞ்சு பொரித்தவுடன் புறாக் குடும்பத்துக்கே உரிய ஒரு வசதி துணைக்கு வருகிறது. தாயும் தந்தையுமாக இரண்டுமே தீனிப்பையின் உட்சுவரிலிருந்து பாலாடைக்கட்டி போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. புறாப்பால் எனப்படும் இதில் புரதமும் கொழுப்பும் நிறைந்துள்ளன. முதல் மூன்று நான்கு நாள்களுக்குக் குஞ்சின் உணவு இதுவே. பிறகு படிப்படியாக விதைகள் சேர்க்கப்படுகின்றன. பிற பறவைகள் பலவும் குஞ்சு பொரிக்கும் காலத்தைப் புழுபூச்சிகள் மலியும் பருவத்தோடு பொருத்தியாக வேண்டும். புறாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விதை கிடைக்கும் வரை பாலும் கிடைக்கும், குஞ்சும் வளரும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. பின்னும் சில நாள்கள் தந்தை அவற்றுக்கு ஊட்டுகிறது. தாய் அதற்குள் அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகிவிடும்.

இதுவே கணக்கின் முக்கியப் பகுதி. ஒரு சுற்று முடிய ஒரு மாதம் போதும். வெப்பமான தென் மாநிலங்களில் ஓர் இணை ஆண்டுக்கு ஆறு முறை வரை குஞ்சு பொரிக்கிறது. கூடு அத்தனை அலட்சியமாகக் கட்டப்படுவதற்கும் இதில் விளக்கம் உண்டு. பல கூடுகள் எப்படியும் தோற்றுப்போகும். ஒன்றில் நிறைய உழைப்பைப் போடுவதைவிட, விழுந்தால் இன்னொன்று கட்டுவது இப்பறவைக்குக் கட்டுப்படியாகிறது.

இத்தனை பிறப்பு தேவைப்படுவதற்குக் காரணம் இறப்பு. வளர்ந்த பறவைகளில் ஆண்டுதோறும் பாதிக்கு மேல் இறக்கின்றன. முதலாண்டுப் பறவைகளின் நிலை இன்னும் மோசம். சராசரி ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. விதிவிலக்கும் உண்டு. 1968இல் ஜார்ஜியா மாநிலத்தில் காலில் வளையமிட்டு விடப்பட்ட ஓர் ஆண் புறா, 1998இல் புளோரிடாவில் கிடைத்தது. அப்போது அதன் வயது குறைந்தது 30 ஆண்டு 4 மாதம். அதுவும் இயற்கையாக இறக்கவில்லை, சுடப்பட்டது.

பயணிப் புறாவுடன் ஒப்பீடு

பயணிப் புறா துக்கப் புறாவைவிடப் பெரியது. நீளம் சுமார் 40 செ.மீ., எடை இரண்டு மடங்குக்கும் மேல். ஆணின் தலை நீலச் சாம்பலாகவும் மார்பு செம்மையாகவும் கண் சிவப்பாகவும் இருக்கும். தொலைவில் பறக்கும்போது, கூரிய வால் காரணமாக இரண்டையும் பிரித்தறிவது கடினம். இந்த ஒற்றுமையால் இரண்டும் நெருங்கிய உறவு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அருங்காட்சியகத் தோல்களிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்தபோது, பயணிப் புறாவின் நெருங்கிய உறவினர் அமெரிக்காவின் வேறு பெரிய காட்டுப் புறாக்கள் என்பது தெரியவந்தது.

ஐரோப்பியர் வந்து குடியேறிய காலத்தில் பயணிப் புறாக்கள் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஓவியரும் பறவையியலாளருமான ஆடுபோன், 1813இல் கென்டக்கி மாநிலத்தில் தம் தலைக்கு மேல் சென்ற ஒரே கூட்டம் மூன்று நாள்களுக்குத் தொடர்ந்து கடந்ததாக எழுதினார். ஓக், பீச், செஸ்ட்நட் மரங்களின் கொட்டைகளே அவற்றின் முக்கிய உணவு. அம்மரங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் காய்ப்பதில்லை. எனவே காய்ப்பு மிகுந்த காட்டைத் தேடிக் கூட்டமாக அலைந்து, கிடைத்த இடத்தில் மைல் கணக்கில் பரந்த ஒரே குடியிருப்பாகக் கூடு கட்டின. ஒவ்வொரு கூட்டிலும் ஒரே முட்டை.

பெருங்கூட்டம் அவற்றுக்குக் காப்பாக இருந்தது. வல்லூறும் நரியும் எவ்வளவு தின்றாலும் அத்தனை குஞ்சுகளையும் தீர்க்க முடியாது. தந்திக்கம்பியும் ரயில் தண்டவாளமும் வந்த பின் அதே கூட்டம் சாவுக்குழியானது. கூடு கட்டியிருக்கும் இடம் தந்தி மூலம் ஊர் ஊராகப் பரவும். தொழில்முறை வேட்டைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்குவர். வலை, துப்பாக்கி, தடி, கந்தகப் புகை எல்லாம் பயன்பட்டன. பீப்பாய்களில் அடைத்த புறாக்கள் அதே ரயிலில் நியூயார்க், சிகாகோ சந்தைகளுக்குப் போயின. மிச்சிகன் மாநிலத்தில் பெட்டோஸ்கி என்னும் ஊருக்கு அருகே 1878இல் நடந்த வேட்டை இவற்றில் பெரிதும் பேசப்படுவது. குஞ்சு பொரிக்கும் முன்பே பெற்றோர் கொல்லப்பட்டதால் அந்த ஆண்டின் தலைமுறையே இல்லாமல் போகும். அத்துடன் காடும் வெட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் பிறகும் பயணிப் புறாவைப் பார்த்ததாகப் பலர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பார்த்தது துக்கப் புறாவை.

மார்த்தா என்று பெயரிடப்பட்ட கடைசிப் பயணிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது.

அதே காலத்தில் துக்கப் புறாவும் சுடப்பட்டது, அதுவும் சந்தையில் விற்கப்பட்டது. ஆனால் அதன் கூடுகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. ஒரு வேலியோர மரத்தில் ஒன்று, அடுத்த தோட்டத்தில் ஒன்று எனக் கண்டம் முழுவதும் சிதறிக் கிடந்தன. நூறு கூடுகளை அழிக்க நூறு இடங்களுக்குப் போக வேண்டும். சிறிய உடலுக்கு அவ்வளவு அலைவது வணிகருக்கு இலாபமில்லை. ஒரு கூடு போனாலும் அதே இணை அதே கோடையில் மீண்டும் முட்டையிட்டது. காட்டை அழித்து உழுத நிலம் பயணிப் புறாவின் சோற்றைப் பறித்தது. அதே நிலம் துக்கப் புறாவுக்குத் தானியமும் களை விதையும் வெற்றுத் தரையும் கொடுத்தது. குடியேறியவர்கள் நட்ட நிழல் மரங்கள், புல்வெளி மாநிலங்களில் அதற்குக் கூடு கட்டும் இடமாயின. கோடரி ஒன்றுதான், இரண்டு பறவைகளுக்கு அது செய்தது வேறு வேறு.

மூன்றாவது காரணம் காலம். பயணிப் புறாவின் முடிவு அமெரிக்கப் பொதுமக்களை உலுக்கிய காலத்தில் சட்டங்கள் வந்தன. 1916இல் பிரிட்டனுடன் கனடாவுக்காகச் செய்த உடன்படிக்கையும், அதைச் செயல்படுத்த 1918இல் இயற்றிய வலசைப் பறவைகள் சட்டமும், காட்டுப் பறவைகளை வணிகத்துக்காகக் கொல்வதை நிறுத்தின. பயணிப் புறாவுக்குச் சட்டம் பிந்தி வந்தது. துக்கப் புறாவுக்குச் சரியான நேரத்தில் வந்தது.

வேட்டையும் அமைதிச் சின்னமும்

1918 சட்டம் துக்கப் புறாவை வேட்டைப் பறவை என்றே வகைப்படுத்துகிறது. விற்பதற்குத் தடை, உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்குள் சுடுவதற்கு இசைவு. பல மாநிலங்களில் ஒருவர் ஒரு நாளில் 15 புறாக்கள் வரை சுடலாம். தானியத்தைத் தூவிப் பறவைகளை வரவழைத்துச் சுடுவது குற்றம். ஆனால் முறையாகப் பயிரிட்டு அறுத்த சூரியகாந்தி வயலில் காத்திருந்து சுடலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல் சுடப்பட்ட காலமும் உண்டு. வேட்டைக்காரர் எண்ணிக்கை குறைந்துவரும் அண்மை ஆண்டுகளில் அது சுமார் 1 கோடி அளவுக்கு இறங்கியுள்ளது. உடன்படிக்கைப்படி வேட்டைப் பருவம் தொடங்கக்கூடிய முதல் நாள் செப்டம்பர் 1. தென் மாநிலங்களில் அது நண்பர்களும் உறவினரும் கூடி விருந்துண்ணும் நாள். மார்த்தா இறந்த நாளும் அதுவே என்பது தற்செயல்தான். வயலுக்குச் செல்வோரில் அதை அறிந்தவர் சிலரே இருப்பர்.

இப்பறவையை என்னவாகப் பார்ப்பது என்பதில் அமெரிக்கர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 1971இல் துக்கப் புறாவைத் தன் அமைதிச் சின்னமாக ஏற்றது. பின்னர் அதே மாநிலம் அதைச் சுடுவதற்குப் பருவம் அறிவித்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அண்டை மாநிலமான மிச்சிகனில் 2004இல் தொடங்கிய வேட்டை, 2006 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தவர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அங்கு இன்றும் தடை நீடிக்கிறது. அயோவா 2011இல் நேர்மாறாக நெடுங்காலத் தடையை நீக்கியது.

வேட்டையை ஆதரிப்போர் கூறுவது, சுடப்படாவிட்டாலும் இப்பறவைகளில் பாதிக்கு மேல் ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடும் என்பதே. இது பொதுவாக உண்மை. ஆயினும் செப்டம்பர் தொடக்கத்தில் சில இணைகள் இன்னும் கூட்டில் குஞ்சுகளுடன் இருக்கின்றன. பால் சுரக்கும் பெற்றோரில் ஒன்று சுடப்பட்டால் சிறு குஞ்சுகள் பிழைப்பது கடினம். அத்தகைய கூடுகள் மொத்தத்தில் சிறு பங்கே என்பதால் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என வனவிலங்குத் துறையினர் கருதுகின்றனர். எண்ணிக்கை பற்றிய கேள்விக்கு அது விடை. கொடுமை பற்றிய கேள்விக்கு அது விடையாகாது, மிச்சிகன் வாக்காளர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் முதன்மையாக எடுத்துக்கொண்டனர் போலும்.

ஈயக் குண்டுகள்

ஒவ்வொரு தோட்டா உறையிலும் சிறு ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை பறவை மீது படாமல் வயலில் விழுகின்றன. விதையும் சிறுகல்லும் தேடும் புறாவுக்கு ஈயக்குண்டும் ஒரு விதையாகவோ கல்லாகவோ தெரிகிறது. விழுங்கிய குண்டு இரைப்பையின் அரைவையிலும் அமிலத்திலும் தேய்ந்து கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஓரிரு குண்டுகளே சில பறவைகளைக் கொல்லப் போதும். நஞ்சேறிய புறா ஓரிடத்தில் கூட்டமாக விழுந்து கிடப்பதில்லை. தளர்ந்து, ஒதுங்கி, பூனைக்கோ வல்லூறுக்கோ இரையாகிவிடுகிறது. இதனால் இப்படி இறப்பவற்றைக் கணக்கிடுவது கடினம்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் தடை வந்தது. புறா வேட்டைக்கு நாடு தழுவிய தடை இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கியுள்ளது. எஃகுக் குண்டுகள் கிடைக்கின்றன. விலையும் பழக்கமும் தடையாக நிற்கின்றன.

ஆசியாவிலிருந்து வந்த புறாக்கள்

தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் புள்ளிப்புறா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மனிதரால் விடப்பட்டுச் சில பத்தாண்டுகள் பெருகிப் பிறகு குறைந்துபோனது. இந்தியாவின் வறண்ட பகுதிகளில் வாழும், பிடரியில் கருவளையம் கொண்ட சாம்பல் நிறப் புறாவின் கதை வேறு. 1970களில் பகாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பிய சில பறவைகள் 1980களில் புளோரிடாவை அடைந்தன. அங்கிருந்து மிக விரைவாக வடமேற்காகப் பரவி இன்று கண்டத்தின் பெரும்பகுதியில் உள்ளன. இவை துக்கப் புறாவைவிடப் பருத்தவை; ஒரே தீவனத் தட்டில் மேய்பவை. ஆயினும் இவற்றால் துக்கப் புறா பெரிதாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. 1966 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புகளில் துக்கப் புறாவின் எண்ணிக்கையில் மெதுவான ஒரு சரிவு மட்டும் தெரிகிறது.

சொகோரோ தீவின் உறவினர்

செனைடா பேரினத்தில் ஏழு இனங்கள் உள்ளன. தென் அமெரிக்காவில் வாழும் காதுப்பொட்டுப் புறா, அர்ஜென்டினாவின் தானிய வயல்களில் பயிருக்குப் பெருந்தொல்லை எனக் கருதப்படும் அளவுக்குப் பெருகியுள்ளது. மற்றொரு நெருங்கிய உறவினரான சொகோரோ புறா காட்டில் ஒன்றுகூட இல்லை.

சொகோரோ, மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் உள்ள ஓர் எரிமலைத் தீவு. பாலூட்டிப் பகைவர்கள் இல்லாத அத்தீவில் உருவான இப்புறா, துக்கப் புறாவைவிடச் சற்றுப் பெரியது, நிறம் ஆழ்ந்தது, நெடுநேரம் தரையில் நடப்பது, மனிதரைக் கண்டு அஞ்சாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட செம்மறி ஆடுகள் காட்டின் கீழ்ச்செடிகளைத் தின்று தரையை வெறுமையாக்கின. 1957இல் மெக்சிகோ கடற்படை அங்கு முகாம் அமைத்தது. பின்னர் பூனைகளும் வந்து சேர்ந்தன. 1972க்குப் பிறகு தீவில் சொகோரோ புறாவை எவரும் காணவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கண்டத்திலிருந்து துக்கப் புறாக்கள் பறந்து வந்து தீவில் குடியேறின. ஆடு மேய்ந்த திறந்த தரையும் மனிதர் குடியிருப்பும் அவற்றுக்கு ஏற்றவையாக இருந்தன.

சொகோரோ புறா முற்றாக அழியாமல் தப்பியதற்குக் காரணம், 1920களில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில பறவைகள். கூண்டில் புறா வளர்ப்போரிடமும் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க விலங்குக் காட்சிச் சாலைகளிலும் அவற்றின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டன. இன்று உலகில் உள்ளவை இருநூறு அளவிலேயே. அவற்றில் சில 2013இல் மெக்சிகோவுக்குத் திரும்பின. தீவிலிருந்து ஆடுகள் முழுவதும் அகற்றப்பட்டுச் செடிகள் மீண்டும் தழைத்து வருகின்றன. தீவுக்கூட்டம் 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பூனைகளைப் பிடித்து அகற்றும் வேலை முடிந்த பின்னரே, துக்கப் புறாக்கள் இப்போது மேயும் அந்தத் தரையில் சொகோரோ புறாவைத் திரும்ப விடுவது திட்டம்.